சேவைக் கட்டணத்தை இணையத்தில் போடலாமா? ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் கேள்வி

கேள்வி: தண்டையார்ப்பேட்டை மெக்கானிக்

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில், தண்டையார்ப்பேட்டையில் பதினோரு ஆண்டுகளாக ஏ.சி. பழுதுபார்க்கும் தொழில் செய்து வருகிறேன். கடை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஷட்டர் அகலத்துக்கு இடம், இரண்டு பையன்கள், ஒரு பழைய ஸ்கூட்டர், ஒரு ஜெட் பம்ப், ஓர் ஏணி. காசிமேடு, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை தொடங்கித் திருவொற்றியூர் வரை போவோம். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தவர்கள்தான். இப்போது என் அக்கா மகன் எனக்காகச் சிறிய இணையதளம் ஒன்றை உருவாக்கி, கூகுள் வரைபடத்திலும் கடையைச் சேர்த்துவிட்டான். எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது. 'கட்டணம்' என்ற பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. "மாமா, இதில் என்ன போடுவது?" என்று அவன் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போட வேண்டும் என்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் மாத நடுவில் தொடங்கிக் கத்திரி முடியும் வரை நாளொன்றுக்கு முப்பது அழைப்புகளாவது வரும். அவற்றில் பாதிக்கு மேல் "சர்வீஸுக்கு எவ்வளவு?" என்ற ஒற்றைக் கேள்விதான். மூன்றாம் மாடிச் சுவரில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கூட, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக இன்னொரு கையில் கைபேசியை எடுத்திருக்கிறேன். தொகையைக் கேட்டுவிட்டு "சரி, சொல்கிறேன்" என்று வைத்துவிடுபவர்களே அதிகம். பக்கத்தைப் பார்த்தே அவர்கள் தெரிந்துகொண்டால் எனக்கும் மிச்சம், அவர்களுக்கும் மிச்சம்.

வேண்டாம் என்று நினைப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்பிளிட் ஏ.சி. ஜெனரல் சர்வீஸுக்கு நான் 600 ரூபாய் வாங்குகிறேன். ஆனால் எந்த ஏ.சி.க்கு 600? காசிமேட்டில் கடலைப் பார்த்து மாட்டிய அவுட்டோர் யூனிட்டை உப்புக்காற்று தின்று வைத்திருக்கும். தண்ணீரை வேகமாக அடித்தால் காயிலின் தகடுகள் உதிர்ந்து கையோடு வரும், ஆகவே பிரஷ்ஷை வைத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டும். மணலிப் பக்கத்துத் தூசு வேறு வகை. காஸ் நிரப்புவது அதைவிடச் சிக்கலானது. ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று மூன்று விதமான குளிரூட்டும் காஸ் போட்ட மெஷின்கள் ஓடுகின்றன. இவற்றில் ஆர்-22, ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2030-க்குள் படிப்படியாக நிறுத்தப்பட வேண்டிய வாயு என்பதால், அதன் விலை நாங்கள் வாங்கும் இடத்திலேயே நிலையாக இல்லை. அதற்கும் மேலாக, காஸ் தானாகக் குறையாது. எங்கோ கசிவு இருந்தால்தான் குறையும். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். அந்தக் கசிவு பத்து நிமிடத்தில் அகப்படுமா, அரை நாள் தின்னுமா என்பது யூனிட்டைக் கழற்றிப் பார்க்கும் வரை எனக்கே தெரியாது.

ஒருமுறை சூடுபட்டும் இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு "சர்வீஸ் 499 மட்டுமே" என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டோம். ஒரு வீட்டில் அவுட்டோர் யூனிட் மூன்றாம் மாடியின் வெளிச்சுவரில், பால்கனியே இல்லாத பக்கத்தில் தொங்கியது. கயிறு கட்டி இறங்கி வேலையை முடித்து 850 கேட்டபோது, வீட்டுக்காரர் நோட்டீஸை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினார். 499 வாங்கிக்கொண்டு இறங்கினேன். அந்தக் குடியிருப்பில் இன்றும் எனக்கு நல்ல பெயர் இல்லை. பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்பவர் என் பட்டியலைப் பார்த்து ஐம்பது ரூபாய் குறைத்துப் போடுவாரோ என்ற பயமும் உண்டு. கட்டணத்தைப் போடலாமா, போட்டால் எந்த முறையில் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: பெரம்பூர் தையல்

வணக்கம் அண்ணா. நான் பெரம்பூரில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 2021-இலிருந்து வாட்ஸ்அப்பில் என் கட்டணப் பட்டியலை வெளிப்படையாக வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு சங்கடமான சம்பவம்தான் காரணம். அதற்கு முன்பெல்லாம் யார் வந்தாலும் "பார்த்துப் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள், நானும் ஆளைப் பார்த்து ஒரு தொகை சொல்வேன். ஒரு கல்யாணத்துக்காக ஒரே வீட்டிலிருந்து நாத்தனாரும் அண்ணியும் வெவ்வேறு நாளில் வந்து, ஒரே மாதிரி லைனிங் ரவிக்கை தைக்கக் கொடுத்தார்கள். ஒருவர் பேரம் பேசினார், இன்னொருவர் பேசவில்லை. இருவருக்கும் எண்பது ரூபாய் வித்தியாசம். வீட்டில் இருவரும் பேசிக்கொண்டபோது அது வெளியே வந்துவிட்டது. குறைவாகக் கொடுத்தவருக்கும் கோபம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "முதலில் சொன்ன விலை பொய்தானே?" என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு இருவருமே வரவில்லை.

சாதா ரவிக்கை, லைனிங் ரவிக்கை, சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது ஆகியவற்றுக்கு ஒரே விலையாக எழுதிவிட்டேன். யார் வந்தாலும் அதுதான். ஆனால் ஆரி வேலைக்கு விலை எழுதவே முடியாது. கைக்கு மட்டும் மணி கோப்பதும், முதுகு முழுவதும் ஜர்தோசி போடுவதும் ஒன்றாகுமா? அதற்கு நான் செய்தது இதுதான்: முடித்துக் கொடுத்த மூன்று ரவிக்கைகளின் படத்தைப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் என்னென்ன பொருள் வைத்தேன், எத்தனை நாள் உட்கார்ந்தேன், மொத்தம் எவ்வளவு வாங்கினேன் என்று எழுதினேன். இப்போது வருபவர்கள் "இரண்டாவது படத்தில் உள்ளது போல, ஆனால் கழுத்தில் கொஞ்சம் குறைத்து" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறார்கள். விலையைப் பற்றிய பேச்சு பாதி முடிந்துவிடுகிறது. நீங்களும் காஸ் நிரப்புவதற்கு ஒரு விலையைப் போடாமல், உண்மையாகச் செய்த மூன்று வேலைகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் பயப்படுவதும் நடக்கும். எங்கள் தெருவில் இன்னொரு கடையில் என்னைவிட இருபது ரூபாய் குறைத்துப் போட்டார்கள். சிலர் அங்கே போனார்கள். அவர்களில் சிலர் திரும்பினார்கள். எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று பெருமையடிக்க மாட்டேன். விசாரித்துவிட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது, துணியோடு வருகிறவர்களின் எண்ணிக்கை குறையவில்லை; எனக்கு அது போதும்.

மறந்துவிடாமல் பட்டியலின் தலையில் தேதி போடுங்கள். ஒரு தீபாவளிக்கு லைனிங் துணி விலை ஏறியபிறகும் பழைய பட்டியலை மாற்ற மறந்துவிட்டேன். அதைக் காட்டியவர்களுக்கெல்லாம் பழைய விலைக்கே தைத்துக் கொடுத்தேன், ஒரு மாத உழைப்பு கரைந்தது.

பதில்: அயனாவரம் சமையல் கான்ட்ராக்ட்

சகோதரி சொல்வதோடு நான் உடன்படவில்லை, மன்னிக்கவும். தையலில் துணி வாடிக்கையாளருடையது. விலை ஏறினாலும் இறங்கினாலும் பெரும்பகுதி அவர் தலையில். எங்கள் தொழிலில் பொருள் முழுவதும் எங்களுடையது. நாங்கள் கல்யாணச் சமையலை இலைக் கணக்கில் பேசுகிறோம். ஆறு மாதத்துக்கு முன்பே மண்டபம் பிடித்தவர் அன்றைக்கே வந்து "ஓர் இலைக்கு எவ்வளவு?" என்பார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது நினைவிருக்கும். அந்த ஆவணி முகூர்த்தங்களுக்குப் பங்குனியிலேயே விலை பேசியிருந்த எங்களுக்கு ரசம் வைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. தனியாகப் பேசிய விலையிலேயே இந்தப் பாடு. இணையத்தில் எழுதி வைத்திருந்தால், பேசாதவர்களும் கைபேசியைக் காட்டியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், இலை விலை என்பது கேட்பதற்குத்தான் ஒரே எண். பந்திக்கு எத்தனை பேர், பரிமாறும் ஆட்கள் யாருடையவர்கள், இனிப்பு ஒன்றா இரண்டா, காலை டிபன் உண்டா, தண்ணீர் பாட்டிலா குவளையா, பாத்திரம் கழுவ மண்டபத்தில் வசதி உண்டா என்று கேட்காமல் சொல்லப்படும் விலை எதுவும் விலையே அல்ல. பட்டியல் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். "இலை இத்தனை ரூபாயிலிருந்து தொடங்குகிறது" என்று எழுதுகிறார்கள். அந்தத் 'தொடங்குகிறது' என்ற விலைக்கு யாரும் எப்போதும் சாப்பிட்டதில்லை. நான் கட்டணத்தைப் போடுவதில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கேள்விகளை இணையத்தில் போட்டிருக்கிறேன். பதில் எழுதி அனுப்பினால் அன்று மாலைக்குள் கையெழுத்திட்ட விலை போய்ச் சேரும், அது எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் அதில் இருக்கும். மெக்கானிக் தம்பிக்கும் அதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

பதில்: வியாசர்பாடி டெக்னீஷியன்

வணக்கம். கைபேசிச் செயலி வழியாக ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் ஒன்றரை ஆண்டு ஏ.சி. டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். அங்கே விலை எல்லோருக்கும் தெரிய, பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் அந்த விலைக்கு வேலையை முடித்துத் திரும்பினால் எங்களுக்குப் பெட்ரோல் செலவுக்கே பற்றாது. வீட்டுக்குள் போனபிறகு கூடுதலாக என்ன சேர்க்க முடியும் என்பதில்தான் எங்கள் வருமானம் இருந்தது. கெபாசிட்டர் பலவீனமாக இருக்கிறது, காஸ் பிரஷர் குறைவு, டிரெய்ன் பைப் மாற்ற வேண்டும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வீடுகளில் அது உண்மை. சில வீடுகளில் இல்லை. அந்தச் 'சில வீடுகளை' நினைத்துத்தான் வெளியே வந்தேன். ஆகவே விலை வெளியே தெரிந்தால் நேர்மை வந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

என் யோசனை வேறு. முடிதிருத்தும் கடைகளில் சங்கத்தின் விலைப்பட்டியலை மாட்டியிருப்பது போல, நம் பகுதி ஏ.சி. மெக்கானிக்குகள் எல்லோரும் கூடி ஒரே விலையை முடிவு செய்துவிட்டால், யார் குறைப்பார்கள் என்ற பயமே இருக்காது அல்லவா?

பதில்: ராயபுரம் ஓய்வூதியர்

துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் சேவை செய்பவர்கள் என்பதால், பணம் கொடுப்பவன் பக்கத்திலிருந்து சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

என் தாயார் ஓர் இரவு பதினொன்றரை மணிக்குக் காலமானார். தம்பி வெளியூரிலிருந்து வந்து சேர மறுநாள் மதியம் ஆகும் என்பதால் உடலைக் குளிரூட்டும் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் தேடி நான்கு எண்களைக் கொடுத்தான். நான்கிலும் கைபேசி எண் இருந்தது, பூமாலை போட்ட வண்டியின் படம் இருந்தது, "24 மணி நேர சேவை" என்று இருந்தது. ஒன்றில்கூட வாடகை எவ்வளவு என்று இல்லை. முதலில் அழைத்தவர், எந்தத் தெரு, சொந்த வீடா, எத்தனை மாடி என்று கேட்டுவிட்டு அதன்பிறகு ஒரு தொகையைச் சொன்னார். மாடி கேட்டதற்குக் காரணம் புரிகிறது, பெட்டியைத் தூக்க வேண்டும். சொந்த வீடா என்று எதற்காகக் கேட்டார்? அந்த நேரத்தில் அதைத் திருப்பிக் கேட்கும் நிலையில் நான் இல்லை. இன்னொருவரை அழைத்து விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதே, தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து பேரம் பேசுவது போலக் கூச்சமாக இருந்தது. பெட்டி, அமரர் ஊர்தி, மாலை, பறை, மயானத்துச் செலவு என்று மறுநாள் மாலைக்குள் கை மாறிய பணத்தில் எது நியாயம், எது அநியாயம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் உறுத்துகிறது; தொகை பெரிதா சிறிதா என்பது அல்ல.

பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இறுதிச் சடங்கு நடத்தித் தருபவர்களுக்கென்று 1984 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. தொலைபேசியில் விலை கேட்டால் சொல்லியாக வேண்டும். நேரில் வந்து கேட்பவர் கையில் அச்சிட்ட விலைப்பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி வேண்டாதவற்றையும் தலையில் கட்டாமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை காட்ட வேண்டும். துக்கத்தில் இருப்பவனால் கடை கடையாக ஏறி இறங்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு எழுதப்பட்ட விதி அது.

ஏ.சி. பழுதும் சாவும் ஒன்றா என்று சிரிக்க வேண்டாம். மே மாதத்தில் எண்பது வயதுக்காரர் படுத்திருக்கும் அறையில் ஏ.சி. நின்றால், அந்த வீட்டாருக்கும் நான்கு பேரிடம் விசாரிக்க அவகாசம் இருக்காது. அவசரம் எவ்வளவுக்கு அதிகமோ, முன்கூட்டியே எழுதிய விலையின் தேவையும் அவ்வளவுக்கு அதிகம்.

எழுதி வைத்துவிட்டு அதன்படி நடக்காவிட்டால் அதைப்போன்ற கேடு வேறில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2013 ஆகஸ்டில் சென்னையில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அந்த விலை மாறாமலே பல ஆண்டுகள் போயின. பெட்ரோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. மீட்டர் மூடிக்கொண்டது. கடைசியில் அந்தப் பட்டியல் யாருக்கும் பயன்படவில்லை, ஓட்டுநருக்கும் பயணிக்கும் வாய்ச்சண்டை வளர்க்க மட்டும் உதவியது. தையல் சகோதரி தேதி போடச் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அதிலிருந்துதான் புரிகிறது.

சமையல் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. தாங்கள் கேள்விகளை வெளியே போட்டிருப்பதே பாதி விலையைப் போட்டதற்குச் சமம்தான். எவையெல்லாம் விலையை மாற்றும் என்பது கேட்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. என்னிடம் அன்று 'சொந்த வீடா' என்று கேட்டவரால் அந்தக் கேள்வியை இணையத்தில் எழுதிப் போட்டிருக்க முடியுமா?

பதில்: கல்லூரிப் பொருளியல் ஆசிரியர், கொளத்தூர்

விலை வெளியே தெரிந்தால் விலை இறங்குமா என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் சில மாநிலங்கள் மூக்குக் கண்ணாடி விளம்பரத்தைத் தடை செய்திருந்தன, சில செய்யவில்லை. லீ பென்ஹாம் என்ற பொருளியலாளர் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் இரு வகை மாநிலங்களையும் ஒப்பிட்டு, தடை இருந்த இடங்களில்தான் கண்ணாடியின் விலை கூடுதலாக இருந்தது என்று காட்டினார். ஆகவே மெக்கானிக் நண்பரின் பயம் ஆதாரமற்றது அல்ல. வெளிப்படையான விலை வாங்குபவருக்கு நல்லது, விற்பவரின் லாபத்தைச் சற்றுக் கடிக்கத்தான் செய்யும். ஆனால் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். காயில் சுத்தமாகக் கழுவப்பட்டதா என்று வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பார்? தரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விலையை மட்டும் காட்டினால், வியாசர்பாடி நண்பர் சொன்ன கதைதான் நடக்கும். விலைக்குள் என்னென்ன வேலை அடங்கும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இங்கிலாந்தில் 2018 டிசம்பரிலிருந்து வழக்கறிஞர் நிறுவனங்கள் வீடு கைமாற்றும் பத்திர வேலை, இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு முறைப்படி சேர்ப்பது போன்ற சில பணிகளுக்கான கட்டணத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று விதி வந்தபோது, தொகையோடு நிறுத்தாமல் அதில் எவை அடங்கும், எவை அடங்கா, எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதச் சொன்னார்கள்.

பதில்: வரி ஆலோசகர், மின்ட் பகுதி

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இரண்டு இடங்களில் சிலர் வழுக்கி விழ வாய்ப்பிருக்கிறது.

பொட்டலத்தில் அதிகபட்ச விலை அச்சிட வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி அடைக்கப்பட்ட பொருளுக்கு உரியது. அந்த விதி உழைப்புக்குப் பொருந்தாது. மெக்கானிக் நண்பர் மாற்றிப் போடும் கெபாசிட்டர் பெட்டியில் விலை இருந்தால் அதற்கு மேல் வாங்கக் கூடாது. பொருத்தும் கூலியை அவர் தனியாக எழுதலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 விலையைப் பற்றி மக்களைத் தவறாக நம்ப வைப்பதை முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. செய்த வேலைக்குப் பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே 499 என்று அச்சடித்துவிட்டு, எந்த நிபந்தனையும் எழுதாமல், 850 கேட்டது தங்கள் பக்கமே பலவீனமான வழக்கு, நண்பரே. தாங்கள் இறங்கி வந்தது நல்லதாகப் போயிற்று. இணையவழியிலேயே முன்பதிவையும் பணத்தையும் வாங்கத் தொடங்கினால் 2020-இன் மின்வணிக விதிகளும் சேர்ந்துகொள்ளும். வரி உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளைத் தனியாகவும் காட்ட வேண்டும். முதலில் சிறிய விலையைக் காட்டிப் பிறகு சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதை, 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகள் பதின்மூன்றில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் வரி என்று தனியாக ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. சேவைத் தொழிலில் செலவைக் கழிக்காத ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும். அதன்பிறகு பழுதுபார்ப்புக்கு 18 விழுக்காடு. பட்டியலில் உள்ள விலை வரியோடு சேர்ந்ததா இல்லையா என்பதை எழுதாமல் விட்டால் அடுத்த சண்டை அங்கேதான் தொடங்கும்.

வியாசர்பாடி நண்பரின் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஒரே தொழில் செய்யும் போட்டியாளர்கள் கூடி விலையை ஒப்பந்தம் செய்துகொள்வது, போட்டிச் சட்டம், 2002-இன் மூன்றாம் பிரிவு தடுக்கும் செயல். எத்தனையோ சங்கங்கள் செய்கின்றனவே என்றால், எத்தனையோ பேர் ஹெல்மெட் போடாமலும்தான் மின்ட் சந்திப்பைக் கடக்கிறார்கள்.

ஆசிரியர் வழக்கறிஞரைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டு வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது. 2008-இல் செய்யப்பட்ட திருத்தம் பெயர், முகவரி, தகுதி போன்ற சில விவரங்களை மட்டுமே இணையதளத்தில் போட அனுமதித்தது. கட்டணம் அந்த விவரங்களில் இல்லை. போடலாமா என்று யோசிக்கும் உரிமை தங்களுக்காவது இருக்கிறது.

தண்டையார்ப்பேட்டை மெக்கானிக் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. இரவு அக்கா மகனோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஓய்வூதியர் ஐயா கேட்ட கேள்வி என்னையும் குத்தியது. வீட்டு வாசலில் கார் நின்றால் நூறு ரூபாய் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கும் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கட்டணத்தைப் போடுவது பற்றிய என் தயக்கத்தில் அந்த நூறு ரூபாய்க்கும் ஒரு பங்கு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

எழுதியிருப்பதை இங்கே தருகிறேன், குறை சொல்லுங்கள்.

"ஸ்பிளிட் ஏ.சி. ஜெனரல் சர்வீஸ் 600 ரூபாய். இதில் உள்ளே ஃபில்டர், காயில், டிரெய்ன் பைப், வெளியே அவுட்டோர் காயில் ஆகியவற்றைக் கழுவுவதும், கரண்ட் ஆம்பியர் பார்ப்பதும் அடங்கும். காஸ் நிரப்புவது அடங்காது. அவுட்டோர் யூனிட் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ கை எட்டும் இடத்தில் இருந்தால் இந்த விலை. வெளிச்சுவரில் கயிறு கட்டி இறங்க வேண்டியிருந்தால் 300 ரூபாய் கூடுதல். வருவதற்கு முன்பே படம் அனுப்பினால் எது பொருந்தும் என்று சொல்லிவிடுவோம். பழுது என்று அழைத்தால் வந்து பார்க்க விசிட்டிங் சார்ஜ் 250 ரூபாய். வேலையை எங்களிடமே கொடுத்தால் அது பில்லில் கழிக்கப்படும். காஸ், கம்ப்ரஸர், போர்டு ஆகியவற்றுக்குப் பார்த்தபிறகு எழுத்தில் விலை தருவோம். நீங்கள் சரி என்று சொன்னபிறகே கழற்றுவோம். மாற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவோம். ஜி.எஸ்.டி. வாங்குவதில்லை."

இதன் கீழே, சென்ற பருவத்தில் செய்த மூன்று காஸ் வேலைகளின் கணக்கை ஊர் மட்டும் குறிப்பிட்டு, கசிவு எங்கே இருந்தது, எத்தனை மணி நேரம் ஆனது, மொத்தம் எவ்வளவு என்று எழுதப் போகிறேன். மேலே தேதியும் இருக்கும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாற்றுவதாக இருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. கடலோர வீடுகளில் பிரஷ் போட்டுக் கழுவ முக்கால் மணி நேரம் கூடுதலாகிறது. அதற்குத் தனி விலை போட்டால் காசிமேட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களா?

ராயபுரம் ஓய்வூதியர்

கோபிக்க மாட்டார்கள், உப்புக்காற்று என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை, படகு எஞ்சினிலிருந்து ஜன்னல் கம்பி வரை அவர்களே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 'காசிமேடு' என்று ஊர்ப் பெயரைப் போட்டு விலை எழுதாதீர்கள். 'காயில் துருப்பிடித்திருந்தால்' என்று எழுதுங்கள். ஊரைச் சொன்னால் ஆளைப் பார்த்து வைத்த விலை போலாகிவிடும்.

என் வீட்டில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஒன்று இருக்கிறது. இரண்டாம் மாடி, அவுட்டோர் யூனிட் பால்கனியில், கை எட்டும். கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறேன், துருவை நேற்றுப் பார்த்தேன், ஓரத்தில் மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வர முடியுமா?

தண்டையார்ப்பேட்டை மெக்கானிக்

ஒன்பது மணிக்கு வருகிறேன் ஐயா. ஓரத்தில் மட்டும் என்றால் 600 தான். கிளம்பும் முன் படம் ஒன்று அனுப்பிவிடுங்கள்.